விக்கிப்பீடியாவில் உங்கள் பெயரில் ஒரு பக்கம்: யார் எழுதுவது?

எழுத்தாளர், பேராசிரியர், மருத்துவர், தொழில் நடத்துபவர், கலைஞர் என்று பலரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து நிற்கிறார்கள்: "என்னைப் பற்றி விக்கிப்பீடியாவில் ஒன்றுமே இல்லை. நானே எழுதிப் போட்டுவிடலாமா? மாணவர் யாரிடமாவது சொல்லட்டுமா? காசு கொடுத்தால் எழுதித் தருகிறோம் என்கிறார்களே, அங்கே போகவா?" இன்னொரு சாரார், பக்கம் ஏற்கெனவே இருப்பவர்கள். அதில் பிறந்த ஊர் தப்பாக இருக்கும், படம் இருபது வருடப் பழசாக இருக்கும், எப்போதோ வந்த ஒரு வழக்குச் செய்தி மட்டும் பாதிப் பக்கத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அவர்களுக்கான வழிகள் வேறு. அவற்றைக் கடைசியில் தனியாகப் பார்க்கலாம்.

தன்னைப் பற்றியோ, குடும்பத்தாரைப் பற்றியோ, சம்பளம் தருபவரைப் பற்றியோ எழுதுவதை விக்கிப்பீடியா 'நலமுரண்' என்கிறது. எழுதுபவர் பொய்யர் என்று அதற்குப் பொருள் இல்லை. அவர் எந்த இடத்தில் நின்றுகொண்டு எழுதுகிறார் என்பதை மட்டும் குறிக்கும் சொல் அது. எதைச் சேர்ப்பது என்று முடிவுசெய்வதில் நாம் எல்லோருமே ஓரளவு தேறிவிடுவோம். எதை விடுவது என்பதில்தான் கை தடுமாறும்.

## எதை வைத்து எடைபோடுவது

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நிற்குமா? பக்கத்தை ஏற்றுவது சில நிமிட வேலை. ஒரு வருடம் கழித்தும் அது அங்கே இருக்குமா என்பதே கேள்வி.

வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு திருத்தமும் தேதி, நேரம், பயனர் பெயரோடு 'வரலாறு' தாவலில் பதிந்திருக்கும். கணக்கு இல்லாமல் எழுதினால் தப்பிக்கலாம் என்பதும் நடக்காது. 2007இல் அமெரிக்காவில் வெர்ஜில் கிரிஃபித் என்ற ஆய்வு மாணவர் விக்கிஸ்கேனர் என்ற கருவியை வெளியிட்டார். பெயரில்லாத திருத்தங்களின் ஐ.பி. முகவரிகளை, அவை எந்த நிறுவனத்துக்குச் சொந்தம் என்ற பட்டியலோடு அது பொருத்திக் காட்டியது. தங்களைப் பற்றிய பக்கங்களைத் தாங்களே வெள்ளையடித்த நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் வரிசையாகச் செய்தியில் அடிபட்டன.

எவ்வளவு காலம், எவ்வளவு காசு? இதில் காத்திருக்கும் காலமும் சேர்த்தி.

பிறகு யார் கையில்? பக்கம் ஏறிய பின் அது உங்களுடையது இல்லை. யாரும் திருத்தலாம். நீங்கள் மட்டுமே எழுதிய பக்கமாக இருக்கும்வரை "எடுத்துவிடுங்கள்" என்று கேட்க வழி உண்டு. பிறர் கணிசமாகக் கைவைத்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும். பத்து வருடம் கழித்து ஏதாவது சர்ச்சையில் பெயர் அடிபட்டால், அதுவும் தகுந்த சான்றுடன் அங்கே வந்து உட்காரும்.

## எல்லாவற்றுக்கும் முந்தைய சோதனை

யார் எழுதுவது என்று யோசிக்கும் முன், எழுதுவதற்குச் சான்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பெரும்பாலான தன்வரலாற்றுப் பக்கங்கள் இங்கேதான் விழுகின்றன.

தேவைப்படுவது: உங்களோடு தொடர்பில்லாதவர், நம்பகமான இடத்தில், உங்களைப் பற்றி விரிவாக எழுதியவை. மூன்று நல்ல சான்றுகள் வேண்டும் என்பது ஆங்கில விக்கிப்பீடியாவில் புழங்கும் கைக்கணக்கு. ஒரு வரிக் குறிப்புகள் முப்பது இருந்தாலும் அந்த மூன்றுக்கு ஈடாகாது.

நம் ஊர்ச் சூழலில் சான்று என்று நீட்டப்படுபவற்றில் பெரும்பகுதி கணக்கில் வராது. நூலின் அணிந்துரை நீங்கள் கேட்டு வாங்கியது. மணிவிழா மலரில் இருப்பது வாழ்த்து. பின்னட்டைக் குறிப்பு பதிப்பகத்தின் விளம்பரம். "முதல் பிரதியை இன்னார் வெளியிட இன்னார் பெற்றுக்கொண்டார்" என்று படத்தோடு வந்த செய்தி, விழா நடந்தது என்பதற்கு மட்டும் சான்று. நேர்காணலில் பேசுவது நீங்களே, ஆகவே அதிலுள்ள தகவல்களும் உங்களுடையவை. நாளிதழின் விளம்பரச் சிறப்பிதழ், காசு கட்டிப் பெறும் 'சாதனையாளர் விருது', வாங்கக் கிடைக்கும் கௌரவ டாக்டர் பட்டம் ஆகியவை பக்கத்தைத் தூக்கி நிறுத்துவதற்குப் பதிலாகச் சந்தேகத்தைக் கிளப்பும்.

கணக்கில் வருபவை: உங்களுக்கு வேண்டியவர் அல்லாத ஒருவர் இதழில் எழுதிய நூல் மதிப்புரை, செய்தியாளர் பலரிடம் பேசி எழுதிய கட்டுரை, துறைசார்ந்த வரலாற்று நூலில் உங்களுக்கு ஒதுக்கப்பட்ட சில பக்கங்கள், சாகித்திய அகாதெமி போன்று பரவலாக அறியப்பட்ட விருது. கல்வியாளர்களுக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் தனி அளவுகோல் உண்டு. ஆய்வுகள் அத்துறையில் பெரிதும் மேற்கோள் காட்டப்பட்டிருந்தாலோ, தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பெரிய அறிவியல் கழகம் ஒன்றில் உறுப்பினராக இருந்தாலோ, பத்திரிகைச் செய்தி இல்லாமலே பக்கம் நிற்கும்.

இந்தச் சோதனை திறமையை அளப்பதில்லை. கனடாவைச் சேர்ந்த இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லேண்டைப் பற்றிய வரைவை, போதிய சான்று இல்லை என்று 2018 மே மாதம் திருப்பி அனுப்பினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அன்றுதான் அவருக்குப் பக்கம் வந்தது. அவரை அளவிட விக்கிப்பீடியாவால் முடியவில்லை. அதுவரை பிறர் எழுதியதை எண்ணிப் பார்க்க மட்டுமே முடிந்தது.

சான்று தேறவில்லை என்றால் கீழேயுள்ள முதல் நான்கு வழிகளையும் விட்டுவிட்டு ஐந்தாவதுக்குப் போய்விடுவது நல்லது.

## வழி 1: நீங்களே நேரடியாக எழுதி ஏற்றுவது

இதற்கு முழுத் தடை கிடையாது. 'வேண்டாம்' என்று அழுத்திச் சொல்கிறார்கள், அவ்வளவே. ஆங்கிலத்தில் புதுக் கணக்கு தொடங்கியவுடன் கட்டுரை ஏற்ற முடியாது. கணக்குக்கு நான்கு நாள் வயதும் பத்துத் திருத்தங்களும் ஆகியிருக்க வேண்டும்.

பக்கம் விரைவாகத் தூக்கப்படுவதற்கு மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இவர் ஏன் முக்கியம் என்பதற்கான குறிப்பே உள்ளே இல்லாமை. முழுக்க விளம்பர நடை. சொந்த இணையதளத்திலிருந்து வெட்டி ஒட்டியது. மூன்றாவதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். "என் தளம், என் எழுத்து, எடுக்கக் கூடாதா?" எடுக்கலாம். ஆனால் அது உங்கள் எழுத்து என்பது படிப்பவருக்குத் தெரியாது. அந்தத் தளத்திலேயே கட்டற்ற உரிமத்தில் (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற அனுமதியோடு) வெளியிட்டிருப்பதாக அறிவித்திருந்தால் ஒழிய, பதிப்புரிமை மீறல் என்றே கொள்வார்கள்.

நடை எங்கே சறுக்குகிறது என்பதை ஒரு வாக்கியத்தில் பார்க்கலாம். வழக்கமாக வருவது இப்படி:

*"கலைமாமணி, முனைவர் … அவர்கள் இளமையிலேயே இலக்கியத் தாகம் கொண்டு, சமூகத்தின் அவலங்களைத் தோலுரித்துக் காட்டும் பல்வேறு நூல்களை எழுதி, உலகத் தமிழர் நெஞ்சங்களில் நீங்கா இடம்பிடித்தவர்."*

இதில் சரிபார்க்கக்கூடிய செய்தி இரண்டே: ஒரு விருது, ஒரு பட்டம். எத்தனை நூல், எந்த ஆண்டு, எந்த நெஞ்சம் என்பதற்கு விடை இல்லை. நிற்கக்கூடிய வடிவம் இது:

*"… தமிழில் சிறுகதைகளும் இரண்டு நாவல்களும் எழுதியுள்ளார். முதல் நாவல் 2009இல் வெளியானது. [மேற்கோள்] 2015இல் கலைமாமணி விருது பெற்றார். [மேற்கோள்]"*

படிக்க வறட்சியாகத்தான் இருக்கும். அந்த வறட்சியே அதைக் காப்பாற்றும். 'அவர்கள்', 'திரு', 'டாக்டர்', 'பேராசிரியர்' எல்லாம் பெயருக்கு முன்னும் பின்னும் உதிர்ந்துவிடும். பட்டம் முக்கியமானால் அது ஒரு வாக்கியமாக வரட்டும்.

இந்த வழியின் மறைவான செலவு நீக்கத்துக்குப் பிறகு தெரியும். நீக்கப்பட்ட தேதியும் காரணமும் பொதுப் பதிவில் இருக்கும். திரும்பத் திரும்ப ஏற்றினால் அந்தத் தலைப்பையே பூட்டிவிடுவார்கள். பிறகு உண்மையிலேயே சான்று சேர்ந்து, தொடர்பே இல்லாத ஒருவர் எழுத வரும்போது, அவர் நிர்வாகியிடம் போய்க் கேட்டுத் திறக்க வேண்டியிருக்கும். நீக்காமல் விட்டாலும், இதை எழுதியவருக்குக் கட்டுரைப் பொருளோடு நெருங்கிய தொடர்பு இருப்பதாகத் தெரிகிறது என்ற பலகை பக்கத்தின் தலையில் ஏறும். உங்கள் பெயரைத் தேடி வருபவர் முதலில் படிப்பது அதைத்தான்.

விக்கிப்பீடியாவைத் தொடங்கியவரே இதில் மாட்டியிருக்கிறார். ஜிம்மி வேல்ஸ் தம்மைப் பற்றிய பக்கத்தில், லாரி சாங்கரை இணை நிறுவனர் என்று சொன்ன இடங்களை மாற்றியிருந்தார். 2005 டிசம்பரில் ரோஜர்ஸ் கேடன்ஹெட் என்ற எழுத்தாளர் திருத்த வரலாற்றைப் பார்த்து அதை வெளியே சொன்னார். வேல்ஸ் வருத்தம் தெரிவித்தார். இன்றைக்கும் வேல்ஸைப் பற்றிய கட்டுரையிலேயே அந்தச் சம்பவம் இருக்கிறது.

"தமிழ் விக்கிப்பீடியாவில் ஆள் குறைவு, யாரும் கவனிக்க மாட்டார்கள்" என்று நினைப்பவர்கள் உண்டு. ஆள் குறைவுதான். ஆனால் ஒரு நாளில் வரும் புதுப் பக்கங்களும் குறைவு, அண்மைய மாற்றங்கள் பட்டியலில் ஒவ்வொன்றும் கண்ணில் படும். சில பக்கங்கள் தப்பிக் கிடப்பது உண்மை. தப்பிக் கிடப்பதை ஏற்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எப்போது யார் பார்த்தாலும் அன்றைக்கே விவாதம் தொடங்கும்.

இந்த வழி மேலானதாக அமையும் சூழல் ஒன்றுகூடத் தோன்றவில்லை.

## வழி 2: சொல்லிவிட்டு வரைவாகக் கொடுப்பது

நீங்களே எழுதுவீர்கள், ஆனால் 'இது நான்தான்' என்று முதலிலேயே அறிவிப்பீர்கள், ஏற்றுவதா இல்லையா என்பதைப் பிறர் முடிவுசெய்வார்கள். சான்று உள்ளவர்களுக்கு நேர்மையான வழிகளில் இது முதன்மையானது. செய்முறை:

1. ஒரு கணக்கு தொடங்குங்கள். ஒருவருக்கு ஒரு கணக்கு. 'இன்னார் அறக்கட்டளை', 'இன்னார் பதிப்பகம்' என்று நிறுவனப் பெயரில் தொடங்கினால் ஆங்கில விக்கியில் பெயருக்காகவே தடை விழும். ஒரு கணக்கை அலுவலகத்தில் பலர் பகிர்வதும் கூடாது.

2. பயனர் பக்கத்தில் இரண்டு வரி போதும்: "நான் … என்ற தலைப்பிலான வரைவின் பொருளாக உள்ளவர். அந்தத் தலைப்பில் நேரடியாகத் திருத்த மாட்டேன், பேச்சுப் பக்கத்தில் மட்டும் பரிந்துரைப்பேன்." (பேச்சுப் பக்கம் என்பது ஒவ்வொரு கட்டுரையோடும் இணைந்திருக்கும் விவாதப் பக்கம்.) முழு வாழ்க்கைக் குறிப்பை அங்கே எழுதிவைத்தால் அதுவும் நீக்கப்படும்.

3. ஆங்கிலத்தில் 'வரைவு' என்று தனிப் பகுதி உண்டு. அங்கே எழுதி, மதிப்பாய்வுக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தலாம். தமிழில் உங்கள் மணல்தொட்டியில் (எழுதிப் பார்ப்பதற்கான பக்கம்) எழுதிவைத்து, ஒத்தாசைப் பக்கத்திலோ ஆலமரத்தடி என்ற பொது விவாதப் பக்கத்திலோ "இது என்னைப் பற்றியது, யாராவது பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கலாம்.

4. நீளம் 200 முதல் 300 சொற்கள் போதும். முதலில் சான்றுகளை வரிசையாக வைத்துக்கொண்டு, அவற்றில் உள்ளதை மட்டும் எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதிவிட்டுப் பிறகு சான்று தேடுவது தலைகீழ் வேலை. பாதி வாக்கியங்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

5. பிறந்த ஊர், படித்த கல்லூரி போன்ற சர்ச்சையற்ற விவரங்களுக்கு உங்கள் சொந்தத் தளத்தை மேற்கோள் காட்டலாம். 'முதன்முதலில்', 'மிகச் சிறந்த' போன்றவற்றுக்குக் காட்ட முடியாது.

6. உங்களைப் பற்றிக் கடுமையான விமர்சனம் நல்ல இதழில் வந்திருந்தால், அதையும் ஒரு வாக்கியத்தில் சேருங்கள். மதிப்பாய்வாளர் எப்படியும் தேடிப் பார்ப்பார். நீங்கள் விட்டிருப்பதைக் கண்டால் மிச்சத்தையும் நம்ப மாட்டார்.

ஆங்கிலத்தில் பதில் வர வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். திரும்பி வந்தால் எந்த வகை என்று பாருங்கள். 'ஏற்கவில்லை, திருத்தி மீண்டும் அனுப்பலாம்' என்பது ஒன்று. 'நிராகரிப்பு, இனி அனுப்ப வேண்டாம்' என்பது வேறு. முதல் வகைக்குச் சான்றைக் கூட்டுவதே மருந்து. நடையை மட்டும் மாற்றி மாற்றி அனுப்புவதால் பயனில்லை. ஆறு மாதம் யாரும் தொடாத வரைவு நீக்கப்படும், கேட்டால் மீட்டுத் தருவார்கள்.

படத்துக்கும் இதே கவனம் வேண்டும். பதிப்புரிமை பொதுவாகப் படம் எடுத்தவருக்கு உரியது, படத்தில் இருப்பவருக்கு இல்லை. பத்திரிகைக்காரர் எடுத்த நல்ல படத்தை, விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான பொதுவகத்தில் ஏற்றிவிட்டு 'சொந்தப் படைப்பு' என்று குறிப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தப்பு. நீங்களே எடுத்த தற்படம் போதும். இல்லாவிட்டால் எடுத்தவர் மின்னஞ்சலில் அனுமதி அனுப்ப வேண்டும். வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் அங்கே செல்லாது.

## வழி 3: தெரிந்தவர் எழுதுவது

மாணவர், மகள், வாசகர் வட்ட நண்பர், அலுவலக உதவியாளர். "நான் எழுதவில்லையே" என்ற நிம்மதிக்காகப் போகும் வழி இது. விதிப்படி அந்த நிம்மதிக்கு இடமில்லை. நெருங்கியவர் எழுதினாலும் நலமுரண்தான், அவரும் அறிவிக்க வேண்டும். சம்பளம் வாங்கும் உதவியாளர் அலுவல் நேரத்தில் எழுதினால் அது 'காசுக்கு எழுதுவது' என்ற கணக்கில் வரும், அறிவிப்பு கட்டாயம்.

கெடுதல் பெரும்பாலும் நல்லெண்ணத்தால் நேர்கிறது. வாட்ஸ்அப் குழுவில் "ஐயாவின் பக்கத்தை நீக்கப் பார்க்கிறார்கள், எல்லோரும் போய் ஆதரவு தெரிவியுங்கள்" என்று ஒரு செய்தி போகும். ஒரே மாலையில் எட்டுப் புதுக் கணக்குகள் நீக்கல் விவாதத்தில் வந்து "தமிழுக்குத் தொண்டு செய்தவர், நீக்கக் கூடாது" என்று எழுதும். அங்கே நடப்பது வாக்கெடுப்பு இல்லை. எட்டுப் பேருடைய கருத்தும் சேர்ந்து ஒரு சான்றின் எடைக்கு வராது. மாறாக, கைப்பாவைக் கணக்குகளா (ஒருவரே பல பெயரில் இயக்குபவையா) என்று விசாரணை தொடங்கும். அதற்கென அனுமதி பெற்றவர்கள் கணக்குகளின் ஐ.பி. முகவரியையும் உலாவி விவரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒரே வீட்டு வைஃபையில் மூன்று கணக்குகள் இருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

இந்த வழி சரியாக அமைவது ஒரே நிலையில்: எழுதுபவர் ஏற்கெனவே விக்கிப்பீடியாவில் பல தலைப்புகளில் எழுதிப் பழகியவர், உங்களிடம் எதையும் எதிர்பார்க்காதவர், உங்களைத் தெரியும் என்று பேச்சுப் பக்கத்தில் சொல்லத் தயங்காதவர். அவரிடம் கட்டுரையைக் கொடுக்காதீர்கள். உங்களைப் பற்றிப் பிறர் எழுதியவற்றின் நகல்களைக் கொடுங்கள், உங்களுக்குப் பிடிக்காத மதிப்புரைகளையும் சேர்த்து. அவருக்குத் தோன்றியபடி எழுதட்டும்.

## வழி 4: காசு கொடுத்து எழுதவைப்பது

காசுக்கு எழுதுவதே குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அறிவிக்காமல் எழுதுவதே மீறல். 2014 ஜூன் முதல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனத்தின் பயன்பாட்டு விதிமுறை இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது: வேலை கொடுத்தவர் யார், வாடிக்கையாளர் யார், வேறு தொடர்பு என்ன என்பதைப் பயனர் பக்கத்திலோ, கட்டுரையின் பேச்சுப் பக்கத்திலோ, திருத்தத்தைச் சேமிக்கும்போது எழுதும் தொகுப்புச் சுருக்கத்திலோ சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகும் அவர் செல்ல வேண்டியது வழி 2இன் அதே வரிசைக்குத்தான். காசு கொடுத்தால் மதிப்பாய்வு முந்தாது.

ஆகவே நேர்மையான எழுத்தரிடம் நீங்கள் வாங்குவது உழைப்பை மட்டும்: சான்று தேடல், மேற்கோள் வடிவமைப்பு, நடுநிலை நடை. நேரமே இல்லாத, ஆனால் சான்று நிறைய உள்ள ஒருவருக்கு அது நியாயமான செலவு. பக்கம் வரும் என்ற உறுதியை யாராலும் விற்க முடியாது. விற்பவர் ஏமாற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சந்தை எவ்வளவு கெட்டது என்பதற்கு 2015இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் பிடிபட்ட 'ஆரஞ்சுமூடி' கும்பல் சாட்சி. 381 கணக்குகள் தடைசெய்யப்பட்டன, 210 கட்டுரைகள் நீக்கப்பட்டன. அவர்களுடைய முறை இது: திருப்பி அனுப்பப்பட்ட வரைவுகளின் பட்டியல் பொதுவில் இருக்கும், அதிலிருந்து ஆளைப் பிடித்து, "நாங்கள் ஏற்றித் தருகிறோம்" என்று காசு கேட்பார்கள். பக்கம் ஏறிய பின், அது நீக்கப்படாமல் பார்த்துக்கொள்ள என்று மறுபடியும் காசு. 2013இல் விக்கி-பி.ஆர். என்ற நிறுவனத்தோடு தொடர்புடைய 250க்கும் மேற்பட்ட கணக்குகள் தடைபட்டபோதும் வாடிக்கையாளர்களின் பக்கங்கள் சேர்ந்தே போயின. கொடுத்த காசும் வராது, பெயரும் செய்தியில் வரும்.

உங்கள் வரைவு திரும்பிய சில நாளில் "நான் விக்கிப்பீடியா நிர்வாகி, தொகை கட்டினால் சரிசெய்கிறேன்" என்று மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ வந்தால், அது இந்த வகை. பேரம் பேசும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: உங்கள் பயனர் பெயர் என்ன? காசுக்கு எழுதுவதாக அங்கே அறிவித்திருக்கிறீர்களா? முன்பு எழுதிய பக்கங்கள் எவை? முதல் கேள்விக்கே 'அது ரகசியம்' என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

## வழி 5: விட்டுவிட்டு, வீட்டைச் சரிசெய்வது

பக்கம் வேண்டும் என்று கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் வேண்டியது வேறு: பெயரைத் தேடினால் சரியான தகவல் முதலில் வர வேண்டும். அதற்கு விக்கிப்பீடியா தேவையில்லை.

சொந்தத் தளத்தில் ஒரு பக்கம் போடுங்கள். 150 சொல்லில் ஒரு குறிப்பு. நூல்கள் எல்லாம் தலைப்பு, பதிப்பகம், முதற்பதிப்பு ஆண்டு, ஐ.எஸ்.பி.என். எண்ணோடு. பெரிய அளவில் ஒரு நல்ல படம், அதன்கீழ் கட்டற்ற உரிமக் குறிப்பு. உங்களைப் பற்றி வந்த மதிப்புரைகளின் இதழ்ப் பெயர், மாதம், ஆண்டு, பக்க எண். முடிந்தால் வருடிய (ஸ்கேன் செய்த) படியும். நாளைக்கு யாராவது விக்கிப்பீடியாவில் எழுத உட்கார்ந்தால் அவருக்குத் தேவையான அத்தனையும் அங்கே இருக்கும். தமிழ் எழுத்தாளர்கள் பலருக்குப் பக்கம் இல்லாததற்குக் காரணம், மதிப்புரை வந்த சிற்றிதழ் எவர் கையிலும் இல்லாதது. பழைய இதழ்களைத் தேடி வருடி வைப்பது, கட்டுரை எழுதுவதைவிடப் பெரிய உதவி.

ஆய்வாளர் என்றால் ஆர்கிட் (ORCID) என்ற ஆய்வாளர் அடையாள எண் இலவசம், அரைமணி நேர வேலை, முழுக்க உங்கள் கையில். ஈழத்து எழுத்தாளர்களுக்கு 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத் தளத்தில் ஆளுமைகளுக்கான பக்கங்கள் உண்டு. நூல்களை அங்கே எண்ணிம வடிவில் சேர்க்கக் கொடுப்பது பக்கத்தைவிடப் பயன் தரும். 2022இல் தொடங்கிய 'தமிழ் விக்கி' என்ற தனிக் கலைக்களஞ்சியமும் (இது தமிழ் விக்கிப்பீடியா அல்ல) இலக்கியம், பண்பாடு சார்ந்த ஆளுமைகளைப் பதிவுசெய்கிறது. விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கித்தரவில் நுழைவுத் தகுதி சற்றுத் தளர்வானது, நூலகப் பட்டியல்களில் பெயர் உள்ள எழுத்தாளர்கள் பெரும்பாலும் தேறுவார்கள். அங்கேயும் தன்னைத்தானே ஏற்றுவது விரும்பப்படுவதில்லை.

இதன் குறை ஒன்றுதான். விக்கிப்பீடியா இருக்கிறது என்ற பெருமை கிடைக்காது. அந்தப் பெருமைக்காக மட்டும் என்றால், மேலே நான்காவது கேள்வியை இன்னொரு முறை படிக்கலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | நிற்குமா | வெளிப்பட்டால் | காலம், காசு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| நேரடியாக எழுதுவது | அரிது | தலைக்குனிவு | ஒரு நாள்; பிறகு ஓயாத சண்டை | எவருக்கும் இல்லை |
| அறிவித்து வரைவு | சான்று இருந்தால் ஆம் | ஒன்றும் இல்லை, முன்பே சொன்னதுதான் | மாதங்கள். காசு இல்லை | வலுவான சான்றும் பொறுமையும் உள்ளவர் |
| தெரிந்தவர் | அவர் அனுபவத்தைப் பொறுத்தது | மறைத்திருந்தால் இருவருக்கும் கெட்ட பெயர் | கடன்பட்ட உணர்வு | பழகிய விக்கிப்பீடியர் நண்பராக இருப்பவர் |
| காசு | அறிவித்தால் வழி 2 போல. இல்லையேல் எப்போதும் ஆபத்தில் | செய்தியாகும் | கட்டணம். திரும்பி வராது | சான்று நிறைய, நேரம் இல்லாதவர் |
| சொந்தத் தளம் | உங்கள் கையில் | பொருந்தாது | ஒரு வாரம். ஆண்டுக் கட்டணம் | மிச்ச எல்லோரும் |

## பக்கம் ஏற்கெனவே இருந்தால்

இங்கே மூன்று வழிகள்: நீங்களே திருத்துவது, பேச்சுப் பக்கத்தில் கேட்பது, மின்னஞ்சல் அனுப்புவது.

நீங்களே திருத்துவது சில வகைகளுக்குச் சரி. எழுத்துப் பிழை, யாரோ விளையாட்டாக எழுதிய வசை, சான்றே இல்லாத அவதூறு ஆகியவற்றை உடனே எடுக்கலாம். தொகுப்புச் சுருக்கத்தில் "இக்கட்டுரை என்னைப் பற்றியது; சான்றில்லாத அவதூறை நீக்குகிறேன்" என்று எழுதுங்கள். வாழும் மனிதர்களைப் பற்றிச் சர்ச்சைக்குரிய எதையும் சான்றில்லாமல் வைக்கக் கூடாது என்ற விதி உங்கள் பக்கம் இருக்கிறது. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தேலரைக் கென்னடி கொலையோடு தொடர்புபடுத்திய பொய் 2005இல் நான்கு மாதத்துக்கு மேல் அவர் பக்கத்தில் கிடந்தது. அந்த விதி இறுகியதற்கு அதுவும் காரணம். ஆனால் சான்றோடு இருக்கும் கசப்பான செய்தியைத் தூக்கினால் மீண்டும் வரும். ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் நீக்கினால் உங்கள் கணக்குக்கே தடை விழும்.

பேச்சுப் பக்கம் மற்ற எல்லாவற்றுக்கும். ஆங்கிலத்தில் நலமுரண் உள்ளவர் கோரிக்கை வைக்கவே தனி வார்ப்புரு (ஆயத்தப் படிவம்) உண்டு. கோரிக்கை இப்படி இருந்தால் ஒருவர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்:

*இருப்பது: "1962இல் தஞ்சாவூரில் பிறந்தார்."*
*வேண்டுவது: "1962இல் கும்பகோணத்தில் பிறந்தார்."*
*காரணம்: ஊர் தவறு.*
*சான்று: இதழின் பெயர், மாதம், ஆண்டு, பக்கம்.*
*அறிவிப்பு: இக்கட்டுரை என்னைப் பற்றியது.*

"கட்டுரை முழுக்கத் தவறு, இணைத்துள்ள புதுக் கட்டுரையைப் போடவும்" என்று கேட்டால் யாரும் தொட மாட்டார்கள். ஒரு கோரிக்கையில் ஒரு மாற்றம் போதும். முழுப் பிறந்தநாள் பொதுவில் இருப்பது தொல்லை என்றால், ஆண்டு மட்டும் இருக்கட்டும் என்று கேட்கலாம். அதைப் பெரும்பாலும் ஏற்பார்கள்.

"என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா" என்ற வாதம் மட்டும் செல்லாது. பிலிப் ராத் தம் நாவல் ஒன்றின் மூலப் பாத்திரம் யார் என்பதைத் திருத்தச் சொன்னபோது, பிறர் எழுதிய இரண்டாம் நிலைச் சான்று வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். 2012 செப்டம்பரில் அவர் அதை நியூயார்க்கர் இதழின் தளத்தில் பகிரங்கக் கடிதமாக வெளியிட்டார். அதன் பிறகு அந்தக் கடிதத்தையே மேற்கோள் காட்டி அவர் தரப்பைக் கட்டுரையில் சேர்த்தார்கள். உங்களுக்கும் அதே வழி உண்டு. மறுப்பை உங்கள் தளத்திலோ இதழிலோ தேதியோடு வெளியிட்டுவிட்டு, அந்த இணைப்பைப் பேச்சுப் பக்கத்தில் கொடுங்கள். அந்தரங்கத்தில் சொல்வதை யாராலும் மேற்கோள் காட்ட முடியாது.

மின்னஞ்சல் என்பது கடுமையான அவதூறு, வீட்டு முகவரி, குழந்தைகளின் பெயர் போன்ற பொதுவில் பேச முடியாத விவரங்களுக்கு. விக்கிப்பீடியாவின் 'தொடர்பு கொள்ள' பக்கத்தில் உள்ள முகவரிக்கு, இணைப்பையும் குறிப்பிட்ட வாக்கியத்தையும் வைத்து எழுதுங்கள். பதில் தருபவர்கள் தன்னார்வலர்கள்.

"வழக்குப் போடுவேன்" என்று பேச்சுப் பக்கத்தில் எழுத வேண்டாம். எழுதினால், அந்த மிரட்டலைத் திரும்பப் பெறும்வரை கணக்கு தடையில் இருக்கும். வழக்குப் போடும் உரிமை உங்களுக்கு உண்டு, ஆனால் அதற்கும் விலை உண்டு. 2024இல் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தில் விக்கிமீடியா நிறுவனத்தின் மீது அவதூறு வழக்குத் தொடர்ந்தது. உடனே அந்த வழக்கைப் பற்றியே ஆங்கில விக்கிப்பீடியாவில் தனிக் கட்டுரை எழுந்தது. அதை எடுக்கச் சொன்ன உயர் நீதிமன்ற ஆணையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது.

பக்கமே வேண்டாம் என்றால், அதையும் கேட்கலாம். அதிகம் அறியப்படாத, பொதுவாழ்வில் இல்லாத ஒருவர் கேட்டு, நீக்கல் விவாதத்தில் முடிவு இழுபறியாக இருந்தால், நீக்குவதற்கு இடம் இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினருக்கோ திரைப்பட நடிகருக்கோ அந்தச் சலுகை கிடைக்காது. கேட்கும்போது "என் பெருமையைக் குறைக்கிறது" என்று எழுதாமல், "பொதுவாழ்வில் இல்லை, இருக்கும் இரண்டு சான்றும் ஒரே சம்பவம் பற்றியவை" என்று எழுதினால் கேட்கும் காதுகள் கூடும்.